வலது கீழ் மூலை

மொத்தம் நாற்பது ஸ்லைடு. இருபத்தேழாவதில் கைலாசம் சார் விழப் போகிறார். மனுஷன் என்னடாவென்றால் இன்னும் மூன்றாவதையே கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். புவியியல் துறையின் தோற்றமும் வளர்ச்சியும். வேப்ப மரத்தடியில் எடுத்த கறுப்பு வெள்ளை போட்டோ, முன்வரிசையில் டை கட்டின ஏழு பேர், பின்வரிசையில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பதினோரு மாணவர்கள். நகருங்கள் சார், நகருங்கள், என்று உலகம்மாள் மனதுக்குள் சொன்னாள். இருபத்து மூன்று நாளாகக் காத்திருக்கிறவளுக்கு இந்த அரை மணி நேரம் ஒரு பெரிய விஷயமில்லைதான். மத்தியானம் விருந்தில் இரண்டு வாய் பாயசம் குடித்தாள், அது இன்னும் நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில் நிற்கிறது. கருத்தரங்கக் கூடத்தில் கடைசிக்கு முந்தின வரிசை, சுவரோரம், ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு வைத்த பிளாஸ்டிக் வாளிக்குப் பக்கத்து நாற்காலி. இருபது வருஷம் வேலை பார்த்த இணைப் பேராசிரியருக்கு இந்த இடம்தான் வாய்த்தது. முன்வரிசையில் மூன்று பேர், பல்கலைக்கழகம் வரவழைத்த நிபுணர் குழு. இவர்கள் நாலு மணிக்கு ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் புவியியல் துறை துறையாகவே இருக்கும், போடாவிட்டால் ஜூன் மாதத்திலிருந்து எதிர்க் கட்டடத்து ஜியாலஜிக்காரர்களிடம் போய் ஒரு மூலைப் பிரிவாக ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். அதற்காகத்தான் இத்தனை ஜோடனை, வாசலில் கோலம், கழிப்பறையில் புது வாளி, துறைத் தலைவர் கைலாசம் சாரின் நீல நிறக் கோட்டு. உலகம்மாளின் காலுக்கடியில் கறுப்பு வரைபடக் குழாய் ஒன்று கிடந்தது. செருப்பு நுனியால் அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதற்குள் இருக்கிற மேப்பை அவளைத் தவிர வேறு ஒருத்தரும் பார்த்ததில்லை.

நாலாவது ஸ்லைடு. அப்பாடா. பட்டம் வாங்கினவர்கள் எண்ணிக்கை, கம்பி கம்பியாக உயர்ந்து உயர்ந்து போய்க் கடைசி நாலு வருஷத்தில் பொத்தென்று விழுகிற படம். அந்த விழுந்த கம்பிகளை மறைக்கிற மாதிரி கைலாசம் சார் திரைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். இந்தச் சாமர்த்தியமெல்லாம் அவருக்குப் பிறவியிலேயே உண்டு. எம்.எஸ்ஸி. சேர்ந்த முதல் நாள், உலகம்மாள்னு பேர் வச்சுட்டுப் புவியியலுக்கு வராம வேற எங்க போவே, என்று வகுப்பு முழுக்கச் சிரிக்க வைத்தவர் இதே கைலாசம்தான். அன்றைக்கு அது அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரே என்று. பேர். பேரைப் பற்றி அவர் நடத்தின பாடம்தான் அவள் வாழ்நாளில் மறக்காத பாடம். முதல் பயிற்சி, சம உயரக் கோட்டு வரைபடம், மூன்று நாள் குனிந்து குனிந்து போட்டுக் கொண்டுபோய் நீட்டினாள். அவர் மலையைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்க்கவில்லை, நேராக வலது கீழ் மூலைக்குப் போனார். பேர் இருந்தது, தேதி இல்லை. பூஜ்யம். “யாரு போட்டா, என்னைக்குப் போட்டான்னு மூலையில இல்லைன்னா அது மேப் இல்லம்மா, போஸ்டர். சுவத்துல ஒட்டிக்கோ.” வரைபடம் என்பது சாட்சி சொல்கிற காரியமாம், சாட்சிக்குப் பேரும் நாளும் வேண்டுமாம். அன்றைக்குப் பிடித்த பழக்கம் இன்றுவரை விடவில்லை. தங்கச்சி கல்யாணப் பத்திரிகைக்கு மண்டபத்துக்கு வழி காட்டுகிற படம் போட்டுக் கொடுத்தபோதுகூட மூலையில் சு. உலகம்மாள் என்று எழுதித் தேதி போட்டுவிட்டாள், மாப்பிள்ளை வீட்டார் இது யார், அச்சகமா என்று கேட்டார்கள். அந்தப் பாடத்தை நடத்தினவருடைய இருபத்தேழாவது ஸ்லைடில் அந்த மூலையில் பேரும் கிடையாது, தேதியும் கிடையாது. பல்கலைக்கழகச் சின்னத்தைப் பெரிதாக ஒட்டி வைத்திருக்கிறார். அதையும் இவள்தான் கவனித்தாள்.

பிறர். அந்தச் சொல் மறுபடி வந்துவிட்டது. அது ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருகிறது என்று கணக்கில்லை, பல் தேய்க்கும்போது வரும், பேருந்தில் ஜன்னலோரம் வரும், மாணவர் பேரைக் கூப்பிட்டு வருகை எடுக்கும்போது நடுவில் வந்து நிற்கும். துறையின் எதிர்காலத் திட்ட அறிக்கை, மொத்தம் எழுபத்திரண்டு பக்கம், முப்பத்தொன்றாம் பக்கத்தில் நிலத்தடி நீர் வரைபட மையம். திட்டத் தலைவர், நிறுவன இயக்குநர், பேராசிரியர் கைலாசம். மே மாதம் ஓய்வு பெறுகிற மனுஷனுக்கு ஜூன் மாதம் உட்கார ஒரு நாற்காலி. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், கள உதவி: பிறர். பதினாலு வருஷம். ஆற்றுக்குத் தெற்கே செம்மணல் மேடான தேரிக்காட்டு ஓரம் வரைக்கும் அறுபத்திரண்டு கிணறு, ஜனவரியில் ஒரு தடவை, மே மாதத்தில் ஒரு தடவை, டேப்பில் சாக்பீஸ் தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்கி, இரும்புக் குண்டு தண்ணீரைத் தொடுகிற டொப் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு, இழுத்து, நனைந்த இடத்தைப் பார்த்து எழுதி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த வாரமும் போனாள். கர்ப்பப்பை எடுத்து மூன்று மாதம்கூட ஆகாமல் போனாள், கிணற்றுச் சுவரில் வயிற்றை அமுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் ஒருக்களித்துச் சாய்ந்துகொண்டு டேப்பை விட்டாள். கிணற்றுக்கெல்லாம் நம்பர் உண்டு, நம்பருக்குப் பின்னால் ஆட்கள் உண்டு. நாற்பத்தொன்றாம் கிணறு ரோட்டோரப் பொதுக்கிணறு, அங்கே போனால் அதற்கு வடமேற்கே அரை ஏக்கர் முருங்கை வைத்திருக்கிற செல்லக்கனி எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடுவாள். “டீச்சரம்மா, தண்ணி கெடக்கா வத்திட்டா, அதச் சொல்லிட்டுப் போங்க. இல்லன்னா எனக்கு ராத்திரி ஒறக்கம் வராது பாத்துக்கிடுங்க.” எட்டு மீட்டர் இருக்கு செல்லக்கனி என்றால் மீட்டராவது கீட்டராவது, எத்தனை ஆள் மட்டம் சொல்லுங்க என்பாள். சொன்னதும் ஒரு கட்டு முருங்கைக்காயை ஸ்கூட்டியில் வைத்துக் கட்டிவிடுவாள். அவள்கூடப் பத்துப் பதினோரு நாளைக்கு முன்னால் போன் பண்ணியிருந்தாள், இரண்டு தடவை, வகுப்பில் இருந்ததால் எடுக்கவில்லை. முருங்கைக்காய் வேண்டுமா என்று கேட்கத்தான் இருக்கும், திருப்பிக் கூப்பிட வேண்டும் என்று நினைத்து நினைத்து விட்டுப் போய்விட்டது. ஆக, செல்லக்கனிக்கு அவள் டீச்சரம்மா. கைலாசம் சாருக்கு அவள் பிறர்.

பன்னிரண்டாவது ஸ்லைடு, பதின்மூன்று, பதினாலு. வேகம் பிடித்துவிட்டார். பழைய நிலவரைபடத் தாள்களையெல்லாம் கணினியில் ஏற்றுவது, கடலரிப்பைக் கண்காணிப்பது, மொட்டை மாடியில் வானிலைக் கம்பம், புதிதாக ஒரு பட்டயப் படிப்பு. எல்லாம் நல்ல திட்டம்தான், அதைச் சொல்லாவிட்டால் வாய் புழுத்துப் போகும். பாதி இவள் ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போது சொன்னது. அறிக்கை அச்சடித்து வந்த அன்றைக்கு, பிப்ரவரி மூன்றாம் தேதி, பியூன் கொண்டுவந்து மேஜையில் வைத்தான், மேலே அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: ஸ்பெல்லிங் மட்டும் பாருங்க மேடம், மேப்பைத் தொட வேண்டாம். தொடவில்லை. பார்க்காமல் இருக்க முடியுமா. அறுபத்திரண்டு கிணறுகளையும் நீலப் புள்ளியாகப் போட்ட மேப், எந்தெந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் மழைத் தண்ணீரை நிலத்துக்குள் இறக்குகிற நீர்செறிவுக் குழி வெட்ட வேண்டும் என்று சிவப்புக் கட்டம் போட்ட மேப், அவரே தன் கையால் கணினியில் போட்டது. ஐந்து நாள் பயிற்சிக்குப் போய்வந்து சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாரே, அந்தப் பவிசு. முதல் பார்வையிலேயே அவளுக்கு என்னமோ இடித்தது. பிறகு தெரிந்தது, பதினேழாம் கிணறு குளத்துக்கு நடுவில் மிதக்கிறது. கரைக்கு வெளியே தென்கிழக்கில் இருக்கிற கிணறு. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள், ஒன்று ரோட்டின் மேல், ஒன்று பள்ளிக்கூடக் கூரை மேல், அறுபத்திரண்டும் ஒரே திசையில், வடமேற்கே, இருநூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் உட்கார்ந்திருந்தன. விஷயம் இவ்வளவுதான்: வெள்ளைக்காரன் காலத்து அடிப்படையில் போட்ட பழைய தாள் பூமிக்கு ஒரு வடிவம் வைத்துக்கொண்டு அளக்கிறது, இப்போதைய ஜிபிஎஸ் கருவி வேறொரு வடிவம் வைத்துக்கொண்டு அளக்கிறது. ஒன்றை இன்னொன்றாக மாற்றாமல் புள்ளியை அப்படியே எடுத்து வைத்தால் மொத்தமும் நகர்ந்துவிடும். முதல் வருஷ மாணவர்களுக்கு முதல் மாதத்திலேயே சொல்லிக் கொடுக்கிற சங்கதி. சொல்லிக் கொடுத்தவர் அவர்.

அன்றைக்கு அவளுக்குப் பழிவாங்குகிற எண்ணம் ஒன்றும் இல்லை, சத்தியமாக இல்லை. மதியம் முழுக்க உட்கார்ந்து சரியான மேப்பைப் போட்டாள், அச்செடுத்தாள், மூலையில் கையால் பேரும் தேதியும் எழுதினாள், குழாய்க்குள் சுருட்டிப் போட்டுக்கொண்டு நாலரை மணிக்கு அவர் அறை வாசலுக்குப் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. அவர் போனில் இருந்தார். “யாரு, உலகம்மாளா? சரியாப் போச்சு. அந்தம்மா கிணத்துல கயிறு விடத்தான் லாயக்கு. மையத்துக்கெல்லாம் வேற ஆள் பாத்து வச்சிருக்கேன்.” அப்புறம் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை உள்ளே போயிருப்பாள். போயிருப்பாளா? இருபத்து மூன்று நாளாக இந்த இடத்தில்தான் வண்டி மக்கர் பண்ணுகிறது. கயிறாம். பதினாலு வருஷம் அவள் விட்டது கயிறாம். அவள் திரும்பி நடந்தாள், தன் அறைக்கு வந்து திட்ட அறிக்கையில் எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தினாள், ஒன்றுவிடாமல், மொத்தம் நாற்பத்தாறு. முப்பத்தொன்றாம் பக்கத்தில் பிறர் என்ற சொல்லில் பிழை ஏதும் இல்லை. மேப்பைத் தொட வேண்டாம் என்று எழுத்திலேயே சொல்லியிருக்கிறார், அவள் தொடவில்லை. மறுநாள் காலை அறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்து, ஸ்பெல்லிங் எல்லாம் பார்த்துட்டேன் சார், என்றாள். தேங்க்ஸ் மேடம் என்றார். அந்த தேங்க்ஸை அவள் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

என்ன நடக்கும் என்று அவளுக்கு வரிசையாகத் தெரியும், மனதுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்தாயிற்று. இருபத்தேழு வரும். முன்வரிசையில் நடுவில் இருக்கிற பேராசிரியர் அருளப்பன் கையைத் தூக்குவார். குள்ளமான மனுஷன், ஓய்வு பெற்று எட்டு வருஷம், ஆனால் சட்டைப் பையில் இன்னும் மடக்கு லென்ஸ் வைத்திருக்கிறார், வந்ததும் வராததுமாகச் சுவரில் மாட்டியிருந்த மாவட்ட வரைபடத்தை அதை வைத்துத்தான் பார்த்தார். கிணறு ஏன் குளத்துக்குள் இருக்கிறது என்பார். கைலாசம் சார் திரையைப் பார்ப்பார், மறுபடி பார்ப்பார், நெற்றியைத் துடைப்பார். அந்த முகத்தை அவள் முழுசாகப் பார்க்க வேண்டும், ஒரு நிமிஷம், இரண்டுகூட வேண்டாம். அதன் பிறகு எழுந்துபோய்க் குழாயைத் திறந்து மேப்பை விரிப்பாள், துறை பிழைத்துக்கொள்ளும், யாரால் பிழைத்தது என்று நாலு பேருக்குத் தெரியும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? மேப் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. ஆனால் இந்த அருளப்பன் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாரே. பத்தொன்பதாவது ஸ்லைடிலிருந்தே தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. பாயசம் வேலை செய்கிறது போல. எழுந்திரும் ஐயா, என்று அவர் வழுக்கைப் பிடரியைப் பார்த்துக் கெஞ்சினாள். பக்கத்தில் வாளிக்குள் சொட்டு விழுந்தது, டொப். அவள் விரல்கள் தானாக டேப்பை இழுப்பது போல மடிந்தன. இருபத்து நாலு. கைலாசம் சார் தண்ணீர் குடித்தார். ஒருவேளை அவருக்கே தெரிந்து சரி பண்ணியிருந்தால்? நேற்று அவர் கணினியில் அந்த ஒரு ஸ்லைடை மட்டும் எட்டிப் பார்த்தாளே, அதே மேப்தான். ஆனால் நேற்று சாயங்காலத்துக்கு அப்புறம்? இருபத்தைந்து. இருபத்தாறு.

வந்தது. அதே நீலப் புள்ளி, அதே சிவப்புக் கட்டம், அதே சின்னம், பதினேழாம் கிணறு குளத்துக்கு நடுவில் ஜம்மென்று மிதந்தது. “இது நம்ம துறையோட இதயம்னு சொல்லலாம்,” என்றார் கைலாசம் சார், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு. அவள் அருளப்பனின் பிடரியையே பார்த்தாள். பிடரி அசையவில்லை. வலது பக்கத்தில் இருந்தவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், இடது பக்கத்தில் இருந்த அம்மாள் அழகாக இருக்கிறது என்பது போலத் தலையாட்டினார். கைலாசம் சார் பொத்தானை அழுத்தினார். போயிற்று. இருபத்து மூன்று நாள், ஒரு சொடுக்கில். அவளுக்குக் கண் கலங்கியது ஆத்திரத்தில்தான், வேறெதிலும் இல்லை. இந்த நாட்டில் ஒரு மேப்பைப் பார்க்கத் தெரிந்த ஆள் கிடையாதா, மூன்று பேர் விமானம் ஏறி வந்தீர்களே, கோழியைத் தின்றீர்களே. இனி அவர் இயக்குநர். இனி வாழ்நாள் முழுக்கப் பிறர். இப்படி ஓடிக்கொண்டிருந்ததால் இருபத்தெட்டாவது ஸ்லைடு திரையில் நிற்பதை அவள் கொஞ்சம் தாமதமாகத்தான் பார்த்தாள். முதற்கட்டப் பணி நிறைவு என்று தலைப்பு. குழுவுக்குக் காட்ட வேண்டும் என்று மேப்பை முன்கூட்டியே ஊராட்சிக்கு அனுப்பிப் பதினைந்தாம் தேதியே பதினோரு குழிகளை வெட்டியாயிற்று என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போட்டோவில் மஞ்சள் ஜேசிபி. செம்மண். சதுரமாக ஒரு குழி. குழியைச் சுற்றிப் பிடுங்கிப் போட்ட முருங்கை மரங்கள், ஏழோ எட்டோ, காயோடு. ஓரத்தில் நீலப் பெயின்ட் அடித்த மோட்டார் அறை, அதன் கதவில் சுண்ணாம்பில் எழுதின 41. அந்த நாற்பத்தொன்றை எழுதினவள் இவள்தான், பொதுக்கிணற்றுச் சுவரில் எழுத இடமில்லாமல், செல்லக்கனியிடம் கேட்டுவிட்டு.

பதினைந்தாம் தேதி. இரண்டு தடவை போன் பண்ணினாளே அந்தத் தேதி. உலகம்மாள் மனதுக்குள் விரலை மடக்கி எண்ணினாள், மூன்றிலிருந்து பதினைந்து, பன்னிரண்டு நாள். பன்னிரண்டு நாள் இந்தக் குழாய் அவள் அலமாரியில் இருந்தது. செல்லக்கனி சும்மா விடுகிறவள் இல்லையே, ஆடு உள்ளே வந்தாலே ஊரைக் கூட்டுகிறவள், ஜேசிபியை எப்படி உள்ளே விட்டாள்? கேட்கவே வேண்டாம், தெரிகிறது. யுனிவர்சிட்டி மேப்பில் இருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள். செல்லக்கனிக்கு யுனிவர்சிட்டி என்றால் டீச்சரம்மா, டீச்சரம்மா போட்ட மேப் என்றால் தண்ணி வரும். அதனால்தான் கேட்டைத் திறந்துவிட்டிருப்பாள், அப்படியும் மனசு கேட்காமல் இரண்டு தடவை போன் பண்ணிப் பார்த்திருப்பாள். டீச்சரம்மா அப்போது முதல் வருஷத்துக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள், அளவீட்டுப் பிழைகள். இப்போதே எழுந்து கத்தலாமா? யாரைப் பார்த்துக் கத்துவது? முருங்கையைப் பிடுங்கினது அவர் மேப். சரியான மேப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்? பொல்லாத கேள்வி அது, அவள் அதைத் தள்ளித் தள்ளி விட்டாள், அது வாளிக்குள் சொட்டுகிற தண்ணீர் மாதிரி விடாமல் வந்தது. ஸ்லைடுகள் ஓடின. முப்பத்து மூன்று, முப்பத்தாறு, நாற்பது. நன்றி, வணக்கம், ஒரு சூரிய உதயம். கைதட்டினார்கள். இவளும் தட்டினாள், கை தானாகவே தட்டியது.

“இருபத்தேழுக்குப் போங்க,” என்றார் அருளப்பன். கண்ணை மூடினபடியேதான் சொன்னார்.

கைலாசம் சார் பின்னால் போனார். அருளப்பன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து நின்று, குளத்தின் மேல் விரலை வைத்தார்.

“இந்தக் கிணத்துல தண்ணி எடுக்கப் பரிசல்லதான் போவாங்களா?”

வலது பக்கத்துக்காரர் போனைக் கீழே வைத்தார். கைலாசம் சார் திரையைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். நெற்றியைத் துடைக்கவில்லை. அரை விநாடிகூட ஆகியிருக்காது. “சார், இந்த மேப் நான் போட்டதில்ல. டாக்டர் உலகம்மாள் போட்டது. அதோ கடைசியில இருக்காங்களே, அவங்கதான். பதினாலு வருஷமா அறுபத்திரண்டு கிணத்தையும் ஒத்தையா அளந்தவங்க. இந்தத் திட்டமே அவங்க உழைப்புதான் சார். ஃபீல்டுல புலி. கம்ப்யூட்டர்தான் கொஞ்சம் முன்ன பின்ன.”

எல்லாத் தலையும் திரும்பியது. பதினாலு வருஷமாகக் கேட்க ஆசைப்பட்ட வாக்கியம், ஒரு சொல் குறையாமல், பல்கலைக்கழகக் குழுவின் முன்னால், அலுவலகக் கிளார்க் சங்கரபாண்டியன் நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போது. இதை எந்த ஒத்திகையிலும் அவள் ஓட்டிப் பார்த்ததில்லை. கால் தானாக எழுந்து நின்றது. குழாயை எடுத்துக்கொண்டு நடந்தாள், வரிசைகளுக்கு நடுவில் அந்த இருபது அடி தூரம் முழுக்க ஒன்றே ஒன்றுதான் தோன்றியது, இவ்வளவு லேசாகச் சொல்ல முடிகிற வாக்கியத்தை ஏன் ஐயா இத்தனை வருஷம் வாய்க்குள் வைத்திருந்தாய். முன்மேஜையில் மேப்பை விரித்தாள். சுருண்டது. இரண்டு மூலையில் டீ கப்பையும் சாஸரையும் வைத்தாள், மூன்றாவதில் அந்த அம்மாளின் கண்ணாடிக் கூடு, நாலாவது மூலையைத் தன் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள். வலது கீழ் மூலை.

பதினேழாம் கிணறு கரைக்கு வெளியே இருந்தது. அருளப்பன் லென்ஸை விரித்துக் குனிந்து பார்த்தார், நாற்பத்தொன்றைப் பார்த்தார், ரோட்டை ஒட்டிப் போனார், ம், ம், என்றார். “அத்தனையும் அதனதன் இடத்துல இருக்கே,” என்றார். கைலாசம் சார் அதற்குள் மேஜைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார், அவள் தோளோரம், கோட்டிலிருந்து வாசனை அடித்தது. “அதான் சார், இதுதான் திருத்தின மேப். ஸ்லைடுல பழசை மாத்தி ஏத்திட்டாங்க. சின்னத் தவறு.” குரலில் அப்படி ஒரு நிம்மதி. அவள் போட்ட கூரைக்குள் வந்து நனையாமல் நின்றுகொண்டார். அவளுக்குப் புரிந்தது. ஆமா சார் என்று ஒரு சொல் சொன்னால் போதும், துறை பிழைக்கும், அவளும் பிழைப்பாள், முப்பத்தொன்றாம் பக்கத்தை நாளைக்கே திருத்தி இணை இயக்குநர் என்று போட்டுத் தருவார், அவர் கண் அதைத்தான் பேரம் பேசிக்கொண்டிருந்தது. கட்டைவிரலை மட்டும் எடுக்காமல் இருக்க வேண்டும். விரலுக்கடியில் தேதி இருந்தது, குழி வெட்டினதற்குப் பன்னிரண்டு நாள் முந்தின தேதி. எடுத்தால் அவர் தொலைந்தார், ஸ்லைடில் இருப்பது அவள் மேப் இல்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடும். எடுத்தால் அவளும் தொலைந்தாள். அருளப்பன் லென்ஸோடு மெல்ல மெல்லத் தெற்கே வந்தார், கிழக்கே திரும்பினார், பழகின கை நேராக அந்த மூலைக்கு வந்து நின்றது. அவள் விரலுக்கு முன்னால் மரியாதையாகக் காத்திருந்தது. பிடுங்கிப் போட்ட முருங்கையில் காய்கள் அப்படியே இருந்தனவே என்று நினைத்துக்கொண்டாள். கட்டைவிரலை எடுத்தாள். மூலை சுருண்டு மேலே வந்தது, அவளே அதை நீவி விட்டாள்.

“தொகுப்பும் வரைவும் சு. உலகம்மாள்,” என்று அருளப்பன் சத்தமாகப் படித்தார். “மூணு, பிப்ரவரி.” நிமிர்ந்து கைலாசம் சாரைப் பார்த்தார். “அப்ப ஸ்லைடுல இருக்கிறது யாரு போட்டது?”

கைலாசம் சார் திரையில் மூலையைப் பார்த்தார், சின்னத்தைப் பார்த்தார். இப்போது நெற்றியைத் துடைத்தார். உலகம்மாள் அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள், முழுசாக, ஒரு நிமிஷம். எப்படி இருக்கும் என்று நினைத்தாளோ அப்படியே இருந்தது. இனித்தது. பொய் சொல்வானேன், இனிக்கத்தான் செய்தது.

“நீங்க சொல்லுங்கம்மா,” என்றார் அருளப்பன், இப்போது அவளைப் பார்த்து. குரல் தாழ்ந்திருந்தது. “குழி வெட்டினது பதினஞ்சாம் தேதி. உங்க மேப் மூணாம் தேதி.”

“ஆமா சார்.”

“இதை அவர்கிட்டக் கொடுத்தீங்களா?”

“இல்ல சார். வாசல் வரைக்கும் போனேன். கொடுக்கல.”

“அது தப்பு மேப்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும் சார். மூணாம் தேதியே தெரியும்.”

அந்த அம்மாள் தன் கண்ணாடிக் கூட்டை மேப்பின் மேலிருந்து எடுத்துக்கொண்டார், அந்தப் பக்கம் சுருண்டது. அருளப்பன் லென்ஸை மடக்கிப் பைக்குள் போட்டார். நாலு மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டிய தாள் அவர் நாற்காலியில் கவிழ்ந்து கிடந்தது, அதை அவர் எடுக்கவில்லை. ஓரத்தில் கிளார்க் சங்கரபாண்டியன் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் முழித்தான்.

“எழுதிக்கோங்க,” என்றாள் உலகம்மாள். “ஸ்லைடுல இருக்கிறது பேராசிரியர் கைலாசம் போட்டது. அது தப்புன்னு தெரிஞ்சும் சொல்லாம இருந்தது நான். என் பேரைப் போடுங்க. பிறர்னு போட்டுடாதீங்க.”

அவன் குனிந்து எழுத ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான். பதினோரு வருஷமாக அதே கட்டடத்தில் வேலை பார்க்கிறவன்.

“மேடம், உங்க இனிஷியல் என்ன?”